எக்ஸ்ரே எழுதுவதற்கு முன்: கையையும் மணிக்கட்டையும் பரிசோதிப்பது எப்படி

கையில் அடிபட்டு யாராவது காஷுவால்டிக்கு வந்தால் நம்மில் பலருக்குப் பேனா முதலில் போவது எக்ஸ்ரே சீட்டுக்குத்தான். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், உள்ளே தங்கிய கண்ணாடித் துண்டையும் பெரும்பாலும் காட்டும், ஆனால் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அறுந்ததையோ நரம்பு வெட்டுப்பட்டதையோ காட்டாது. அதற்கு நம் கண்ணும் விரலும் தவிர வேறு கருவி அந்த நேரத்தில் கிடையாது. இதில் நல்ல செய்தி என்னவென்றால், உடம்பிலேயே பரிசோதிக்க வசதியான பகுதி கைதான். எல்லாம் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே இன்னொரு கை இருக்கிறது, கூட்டமான ஓபியிலும் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். ஹவுஸ் சர்ஜன்களையும் பிசியோதெரபி மாணவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

உட்கார வைப்பதும் கேட்பதும்

நோயாளியும் நீங்களும் எதிரெதிரே, நடுவில் ஒரு மேசை, மேசைமேல் தலையணை, அதன்மேல் இரண்டு கைகளும். இரண்டு கை என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அடிபடாத கைதான் உங்கள் அளவுகோல். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டச் சொல்லுங்கள். வளையல், கயிறு, கடிகாரம் எல்லாம் கழற்றப்பட வேண்டும்; மோதிரம் இருந்தால் பரிசோதனைக்கும் முன்பே கழற்றிவிடுங்கள், வீக்கம் ஏறிவிட்டால் அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். இரத்தக் காயத்தோடு வந்தவரைப் படுக்க வைத்துப் பாருங்கள். தன் காயத்தைப் பார்த்தே மயங்கி விழுபவர்கள் நிறைய, அதிலும் நல்ல கட்டுமஸ்தான ஆட்கள்தான் அதிகம் என்பது என் சந்தேகம்.

எந்தக் கை பழக்கக் கை, என்ன வேலை, எப்போது அடிபட்டது, எப்படி அடிபட்டது, சர்க்கரை இருக்கிறதா, தைராய்டு இருக்கிறதா, பெண்ணாக இருந்தால் கர்ப்பமா அல்லது சமீபத்தில் குழந்தை பிறந்ததா. இவ்வளவும் கேட்க ஒரு நிமிடம் போதும். வெட்டுக் காயம் என்றால் கூடுதலாக ஒரு கேள்வி: வெட்டுப்பட்டபோது விரல் மடங்கியிருந்ததா, நீட்டியிருந்ததா? கத்தியை இறுகப் பிடித்திருந்தபோது வெட்டியிருந்தால், இப்போது விரலை நீட்டியதும் தசைநாண் அறுந்த இடம் தோல் காயத்தைவிட்டு விரல் நுனிப்பக்கம் நகர்ந்துபோயிருக்கும். காயத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு “தசைநாண் நன்றாகத்தான் இருக்கிறது” என்று தைத்து அனுப்பும் தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டுக்கொண்டாரா, எண்ணெய் தேய்த்து நீவினார்களா என்பதையும் கேளுங்கள், ஆனால் திட்டுகிற தொனியில் கேட்காதீர்கள். திட்டு விழும் என்று தெரிந்தால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், மூன்று வாரம் பழைய அடி நேற்றைய அடியாக மாறிவிடும்.

தொடாமல் பார்ப்பது

தொடுவதற்கு முன் கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள். கையை மல்லாக்க வைத்துத் தளர்வாக விடச் சொன்னால் விரல்கள் தாமாகவே ஒரு வரிசையில் மடங்கி நிற்கும்: ஆள்காட்டி விரல் குறைவாக, நடுவிரல் கொஞ்சம் கூடுதலாக, மோதிர விரல் இன்னும், சுண்டுவிரல் அதிகமாக. இந்த வரிசையில் ஒரு விரல் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றால் அதன் மடக்குத் தசைநாண் அறுந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளி ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. அழும் குழந்தையிடமும், குடித்துவிட்டு வந்தவரிடமும், மயக்கத்தில் இருப்பவரிடமும் இது வேலை செய்யும்.

கூடவே மணிக்கட்டை மெதுவாகப் பின்னால் வளைத்துப் பாருங்கள், விரல்கள் தானாக மடங்கும். முன்னால் தொங்கவிட்டால் தானாக நீளும். டெனோடீசிஸ் என்பது இதுதான். எந்த விரல் இந்த ஆட்டத்தில் சேரவில்லையோ அந்த விரலில்தான் கோளாறு. முன்கைத் தசையை உள்பக்கம் லேசாகப் பிசைந்தாலும் விரல்கள் மடங்கும், குழந்தைகளிடம் அதையும் சேர்த்துச் செய்து பார்க்கலாம்.

அப்புறம் சுழற்சி. விரல்களை மடக்கினால் நான்கு நுனிகளும் ஏறக்குறைய ஸ்காஃபாய்டு எனும் மணிக்கட்டு எலும்பு இருக்கும் திசையை, அதாவது கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டு மடிப்பை நோக்கிச் சாயும். உள்ளங்கை எலும்பான மெட்டகார்ப்பல் உடைந்த ஒருவர் விரலை நீட்டி வைத்திருக்கும்போது எல்லாம் நேராகத் தெரியும், மடக்கினால் ஒரு விரல் பக்கத்து விரல்மேல் ஏறிக்கொள்ளும். எக்ஸ்ரேயில் கோணம் தெரியும், இந்தத் திருகல் தெரியவே தெரியாது. வலியால் முழுக்க மடக்க முடியவில்லை என்றால் நகங்களை நேர் எதிரே இருந்து பார்த்து, அவை ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று மறுகையோடு ஒப்பிடுங்கள்.

அடிபடாமல், நாள்பட்ட வலியோடு வந்தவரின் கையில் தேடுவது வேறு. தசை மெலிவை முதலில் பாருங்கள். கட்டைவிரல் மேடு தட்டையாகியிருந்தால் மீடியன் நரம்பு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் பள்ளம் விழுந்திருந்தால் அல்நர் நரம்பு. வீக்கம் எந்தக் கணுவில் என்பதே பாதி நோயைச் சொல்லிவிடும்: விரல் நுனிக் கணுக்களில் கெட்டியான முண்டு என்றால் ஹெபர்டன் கணு, நடுக்கணுவில் என்றால் புஷார்ட் கணு, இரண்டும் தேய்மான மூட்டுவாதம். விரலின் அடிக்கணுக்களும் மணிக்கட்டும் இரண்டு கையிலும் வீங்கி, காலையில் எழுந்ததும் வெகுநேரம் கை மடங்கவில்லை என்றால் ருமட்டாய்டு மூட்டுவாதத்தைத் தேட வேண்டும். விரல்கள் சுண்டுவிரல் பக்கம் சாய்வது, அன்னத்தின் கழுத்துபோல் வளைவதெல்லாம் முற்றிய நிலை, அதுவரை காத்திருக்கக் கூடாது. அடிக்கணு வரிசையைக் குறுக்கே பிடித்து லேசாக அழுத்தும்போது நோயாளி முகம் சுளித்தால் அதுவே போதுமான ஆரம்பம். நகத்தில் ஊசி குத்தியதுபோல் குழிகள் இருந்தால் சொரியாசிஸ், தலைமுடிக்குள்ளும் முழங்கையிலும் பாருங்கள்.

நம் ஊரில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மோதிர விரலும் சுண்டுவிரலும் கொக்கிபோல் மடங்கி, கையில் வலியில்லாத தழும்புகளும் தீப்பட்ட கொப்புளங்களும் இருந்தால் தொழுநோயை நினையுங்கள். முழங்கையின் உள்முண்டுக்குப் பின்னால் அல்நர் நரம்பை உருட்டிப் பாருங்கள், தடித்திருக்கிறதா என்று மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். உடம்பில் வெளிர் தேமல் இருக்கிறதா, அதில் உணர்ச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள். வேலூர் சி.எம்.சி.யில் 1940களின் இறுதியில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் இப்படி மடங்கிய கைகளுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்யத் தொடங்கினார். விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் திரும்பத் திரும்பக் காயப்பட்டுத்தான் அழிகின்றன என்பதை அவர் நோயாளிகளின் கைகளைத் தினமும் கவனித்தே நிறுவினார்.

தொட்டுப் பார்ப்பது

வலிக்கிற இடத்தைக் கடைசியில் தொடுங்கள். “ஒரே விரலால் வலிக்கிற இடத்தைக் காட்டுங்க” என்று சொல்லி, அவர் காட்டிய பிறகு அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களை முடித்துவிட்டு அங்கே வாருங்கள். முதலிலேயே அங்கே அழுத்தினால் அதன்பிறகு எங்கே தொட்டாலும் கையை இழுத்துக்கொள்வார்.

முதலில் சூடு, ஈரப்பதம். தோல் வறண்டு வழுவழுவென்று இருந்தால் அங்கே நரம்பு போயிருக்கலாம், வியர்வையும் நரம்பின் வேலைதான். பேனாவின் பிளாஸ்டிக் உடலை விரலின் பக்கவாட்டில் இழுத்தால் வியர்வை உள்ள விரலில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போகும், நரம்பு வெட்டுப்பட்ட விரலில் சறுக்கிக்கொண்டு போகும். நகத்தை அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும்.

இரத்த ஓட்டத்துக்கு ஆலன் சோதனை. கையை இறுக மூடச் சொல்லி, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கத்து ரேடியல், சுண்டுவிரல் பக்கத்து அல்நர் இரண்டு தமனிகளையும் அழுத்திப் பிடியுங்கள், கையைத் திறக்கச் சொல்லுங்கள், உள்ளங்கை வெளுத்திருக்கும். அல்நரை மட்டும் விடுங்கள். 5 முதல் 7 விநாடிக்குள் கை முழுக்கச் சிவந்தால் அந்தத் தமனி தனியாகவே கையைக் காப்பாற்றும். திரும்பவும் செய்து இம்முறை ரேடியலை விடுங்கள். கையை விரைப்பாக முழுக்க விரித்தாலே வெளுத்து நிற்கும், அதைத் தமனி அடைப்பு என்று எண்ணிவிட வேண்டாம். தளர்வாகத் திறந்தால் போதும்.

இனி எலும்புகள். கட்டைவிரல் பக்கத்திலிருந்து தொடங்கி ஒரு சுற்று வந்தால் எதுவும் விடுபடாது.

முன்கையில் கட்டைவிரல் பக்க எலும்பான ரேடியஸின் நுனிமுண்டைத் தொடுங்கள். அது சுண்டுவிரல் பக்க எலும்பான அல்நாவின் நுனிமுண்டைவிட சுமார் 1 செ.மீ. கீழே, விரல் பக்கமாக இருக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் ரேடியஸ் உடைந்து குறுகியிருக்கிறது. அந்த முண்டைத் தாண்டியதும் கட்டைவிரலை மேலே தூக்கினால் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு குழி விழும், அதன் தரையில்தான் ஸ்காஃபாய்டு இருக்கிறது. கையூன்றி விழுந்த இளைஞருக்கு இந்தக் குழியில் வலி இருந்தால், கூடவே உள்ளங்கைப் பக்கம் ஸ்காஃபாய்டு முண்டிலும், கட்டைவிரலை அதன் நீளவாக்கில் உள்நோக்கித் தள்ளும்போதும் வலி இருந்தால், முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் “வெறும் சுளுக்கு” என்று அனுப்பாதீர்கள். இந்த எலும்பின் முறிவு முதல் படத்தில் தெரியாமல் போவது சகஜம். இரத்தம் இதற்கு விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கித்தான் போகிறது, அதனால் நடுவில் உடைந்தால் மேல்பாதி பட்டினி கிடக்கும், சேராமல் போகவும் செத்துப்போகவும் வாய்ப்புண்டு. கட்டுப் போட்டு 10 முதல் 14 நாளில் வரச்சொல்லித் திரும்பப் பரிசோதித்துப் படம் எடுங்கள், எம்.ஆர்.ஐ. கிடைத்தால் இன்னும் சீக்கிரமே தெரியும். இருபது வயதுப் பையனுக்குத் தேவையில்லாமல் இரண்டு வாரம் கட்டுப் போட்டால் அவன் முனகுவான், பரவாயில்லை.

புறங்கைப் பக்கம் ரேடியஸில் ஒரு சிறு முண்டு தட்டுப்படும், லிஸ்டர் முண்டு. அதிலிருந்து நேர்கீழே சுமார் 1 செ.மீ. வந்தால் ஸ்காஃபாய்டும் பக்கத்து எலும்பான லூனேட்டும் சேரும் இடம். அங்கே வலி என்றால் இடையில் இரண்டு எலும்பையும் இணைக்கும் லிகமென்ட் கிழிந்திருக்கலாம். கங்லியான் எனும் நீர்க்கட்டியும் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்பும். டார்ச் அடித்தால் வெளிச்சம் ஊடுருவும். லிகமென்டைச் சோதிக்க வாட்சன் சோதனை: உங்கள் கட்டைவிரலால் உள்ளங்கைப் பக்கமிருந்து ஸ்காஃபாய்டு முண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கத்திலிருந்து கட்டைவிரல் பக்கம் சாய்த்துவிட்டு, பிறகு அழுத்தத்தை விடுங்கள். வலியோடு ‘டக்’ என்று குதித்தால் பாசிட்டிவ். வலியில்லாமல், இரண்டு கையிலும் ஒரேபோல் குதித்தால் அது அவருடைய உடல்வாகு.

சுண்டுவிரல் பக்க வலி கொஞ்சம் குழப்பமானது. அல்நா நுனிமுண்டுக்கும் மடக்குத் தசைநாணுக்கும் நடுவில் உள்ள மெத்தென்ற பள்ளத்தில் குறிப்பாக அழுத்தினால் வலி என்றால் டி.எஃப்.சி.சி. எனும் குருத்தெலும்புத் தட்டு. அல்நாவின் தலையை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், மறுபக்கத்தைவிடத் தளர்வாக ஆடினால் ரேடியஸ்-அல்நா கீழ்மூட்டு குலைந்திருக்கிறது. உள்ளங்கைப் பக்கம் பட்டாணிபோல் உருளும் எலும்பு பிஸிஃபார்ம். அதிலிருந்து ஆள்காட்டி விரலின் அடியை நோக்கி ஒன்றிரண்டு செ.மீ. போய் ஆழமாக அழுத்தினால் ஹேமேட் எனும் எலும்பின் கொக்கி. கிரிக்கெட் மட்டையோ சுத்தியலோ பிடிப்பவருக்கு அங்கே வலி என்றால் சாதாரணப் படத்தில் தெரியாது, கார்ப்பல் டனல் வியூ அல்லது சி.டி. கேளுங்கள்.

கட்டைவிரல் பக்க வலியில் இரண்டு பேர் போட்டி போடுவார்கள்: கட்டைவிரல் நாண்களின் உறை தடிக்கும் டி குவெர்வேனும், கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்மானமும். முதலாவது ரேடியஸ் முண்டின் மேல், குழந்தையைத் தூக்கித் தூக்கி வைக்கும் தாய்மாருக்கு அதிகம். இரண்டாவது அதற்கும் கீழே மூட்டில், ஐம்பது தாண்டிய பெண்களுக்கு அதிகம். கட்டைவிரலை நீளவாக்கில் அழுத்திக்கொண்டே அரைப்பதுபோல் சுழற்றினால் நரநரவென்று வலிக்கும். டி குவெர்வேனுக்கு நாம் எல்லோரும் செய்யும் சோதனை, கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடி மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்ப்பது. அதை ஃபிங்கல்ஸ்டீன் சோதனை என்று எழுதுகிறோம், உண்மையில் அது ஐக்ஹாஃப் சோதனை, நோயே இல்லாத கையிலும் வலிக்கும். நம்பிக்கை இல்லையென்றால் இப்போதே உங்கள் கையில் இறுக்கமாகச் செய்து பாருங்கள். ஃபிங்கல்ஸ்டீன் 1930இல் சொன்னது, பரிசோதிப்பவர் நோயாளியின் கட்டைவிரலைப் பிடித்து மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சட்டென்று இழுப்பது. இழுக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அசைத்துப் பார்ப்பது

அவராகவே அசைப்பது முதலில், நீங்கள் அசைப்பது பிறகு. மணிக்கட்டுக்குச் சுலபமான வழி கும்பிடச் சொல்வது. இரண்டு உள்ளங்கையும் ஒட்டி முழங்கைகளை உயர்த்தினால் பின்வளைவு, புறங்கைகளை ஒட்டி முழங்கைகளைத் தாழ்த்தினால் முன்வளைவு, எந்தப் பக்கம் குறைகிறது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். சராசரியாகப் பின்னால் 70 டிகிரி, முன்னால் 75 முதல் 80, சுண்டுவிரல் பக்கம் 30க்குக் கொஞ்சம் மேல், கட்டைவிரல் பக்கம் 20. கும்பிடும்போதே இன்னொன்று கவனியுங்கள்: சர்க்கரை நோய் நாள்பட்டவர்களுக்கு விரல்களும் உள்ளங்கையும் முழுக்க ஒட்டாது, நடுவில் இடைவெளி நிற்கும்.

கையைக் கவிழ்ப்பதும் மல்லாத்துவதும் சோதிக்கும்போது முழங்கையை 90 டிகிரி மடக்கி விலாவோடு ஒட்டி வைக்க வேண்டும். இல்லையென்றால் தோளை ஆட்டியே முழு வட்டமும் காட்டிவிடுவார்கள், ஏமாற்ற வேண்டும் என்று இல்லை, உடம்பு தானாக அப்படிச் சமாளிக்கிறது.

இனி தசைநாண்கள். இங்கே அவசரப்படக் கூடாது, ஒவ்வொரு விரலும் தனித்தனியாக.

ஆழ்ந்த மடக்கு நாண், எஃப்.டி.பி.: நடு எலும்பை நீங்கள் அசையாமல் பிடித்துக்கொண்டு “நுனியை மட்டும் மடக்குங்க அண்ணே” என்று சொல்லுங்கள். மேலோட்ட மடக்கு நாண், எஃப்.டி.எஸ்.: சோதிக்கும் விரலைத் தவிர மற்ற மூன்றையும் நீட்டி அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்த விரலை மடக்கச் சொல்லுங்கள், நடுக்கணு மடங்கி நுனி தொளதொளவென்று இருக்க வேண்டும். மற்ற விரல்களைப் பிடிப்பது எதற்கென்றால் எஃப்.டி.பி. தசை நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றுக்கும் பொதுவாக இழுப்பது, ஒன்றைக் கட்டிப்போட்டால் மற்றதும் முடங்கும், அப்போது மடங்குவது எஃப்.டி.எஸ்.ஸால் மட்டுமே. ஆள்காட்டி விரலுக்கு எஃப்.டி.பி. பெரும்பாலும் தனி, அதனால் இந்தச் சோதனையை அங்கே நம்ப முடியாது. பதிலாக விரல் நுனியின் சதை சதையோடு படும்படி காகிதத்தைக் கட்டைவிரலோடு சேர்த்துப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள், எஃப்.டி.எஸ். இருந்தால் நுனிக்கணு நீண்டபடியே பிடிக்கும். சுண்டுவிரலில் சிலருக்கு எஃப்.டி.எஸ். தனியாக வேலை செய்யாது, மறுகையிலும் அப்படியே இருந்தால் விட்டுவிடலாம்.

மடக்க முடிகிறது, ஆனால் நீங்கள் எதிர்த்து அழுத்தும்போது வலிக்கிறது என்றால் பாதி அறுந்திருக்கலாம். அதை எழுதி வையுங்கள், திறந்து பார்க்க வேண்டிய கை அது.

நீட்டு நாண்களில் கட்டைவிரலுக்கான இ.பி.எல். முக்கியம். உள்ளங்கையை மேசைமேல் தட்டையாக வைத்து “கட்டைவிரலை மட்டும் கூரையைப் பார்த்துத் தூக்குங்கம்மா”. தூக்க முடியவில்லை என்றால் போயிற்று. மணிக்கட்டு ரேடியஸில் விலகாத சின்ன விரிசல் விழுந்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கும்போது, சில வாரம் கழித்து இந்த நாண் தேய்ந்து அறுந்துபோவது உண்டு. நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தால் நல்லது.

நடுக்கணுவின் மேல் வெட்டோ அடியோ பட்டிருந்தால் எல்சன் சோதனையைச் செய்யாமல் விடாதீர்கள். நடுக்கணுவை மேசை விளிம்பில் 90 டிகிரி மடக்கி வைத்து, நீட்டச் சொல்லி, நடு எலும்பின்மேல் நீங்கள் எதிர்த்து அழுத்துங்கள். நலமான விரலில் நுனி தளர்வாக இருக்கும். நடு நாண் அறுந்திருந்தால் நீட்டும் விசை பக்க நாண்கள் வழியாக நுனிக்குப் போய் நுனிக்கணு விறைத்துக்கொள்ளும். முதல் நாளில் நோயாளி விரலை நீட்டவே செய்வார், கோணல் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் வரும், அதனால்தான் இந்தச் சோதனை.

கட்டைவிரல் அடிக்கணுவின் உள்பக்க லிகமென்ட்: பைக்கிலிருந்து விழுந்து கட்டைவிரல் வெளிப்பக்கம் விரிந்தவர்களுக்கு. அடி எலும்பைப் பிடித்து வெளிப்பக்கம் சாய்த்துப் பாருங்கள், ஒருமுறை நேராக வைத்து, ஒருமுறை 30 டிகிரி மடக்கி. மறுகையைவிட 15 டிகிரி கூடத் திறந்தாலோ, சாய்த்துக்கொண்டே போகும்போது தடுப்பே இல்லாமல் போனாலோ கிழிந்திருக்கிறது. முதலில் எக்ஸ்ரே பார்த்துவிட்டு இதைச் செய்யுங்கள். நான் எக்ஸ்ரேயை முந்தவிடும் இடம் இது ஒன்றுதான், விலகாத முறிவை நாமே விலக்கிவிடக் கூடாது.

நரம்புகள்

மரப்பு ஊசி போடும் முன் உணர்ச்சியைச் சோதித்து எழுதிவிட வேண்டும். ஊசி போட்ட பிறகு சோதித்தால் உங்கள் மருந்தைத்தான் சோதிக்கிறீர்கள். காயத்துக்குக் கட்டுப் போட்டு வந்தவரிடம் கட்டைப் பிரிக்கும் முன்பே உணர்ச்சி, நாண் இரண்டையும் விரல் நுனிகளில் முடித்துவிடலாம், வலி குறைவு.

கண்ணை மூடச் சொல்லி, லேசாகத் தொட்டு, நம் ஓபிகளில் பழக்கமான கேள்வியைக் கேளுங்கள்: “இந்த விரல்ல தொடறது ஒரு ரூபாய்னா, அந்த விரல்ல எவ்வளவு இருக்கு?” எட்டணா என்று பதில் வந்தால் அது எந்தக் கருவிக்கும் குறைந்த தகவல் இல்லை. இடங்கள்: மீடியனுக்கு ஆள்காட்டி விரலின் நுனிச் சதை, அல்நருக்குச் சுண்டுவிரல் நுனி, ரேடியலுக்குப் புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே. விரலில் வெட்டு என்றால் நுனிச் சதையின் இரண்டு பக்கமும் தனித்தனியாக, ஏனென்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நரம்பு. ஒரு ஜெம் கிளிப்பைப் பிரித்து நுனிகளை 6 மி.மீ. இடைவெளியில் வைத்து, விரலின் நீளவாக்கில், தோல் வெளுக்காத அளவுக்கு மட்டும் தொடுங்கள். நலமான விரல் நுனி இரண்டு புள்ளியாகச் சொல்லிவிடும்.

தசைகளுக்கு: மீடியன் என்றால் கையை மல்லாக்க வைத்துக் கட்டைவிரலை உள்ளங்கைக்குச் செங்குத்தாகத் தூக்கச் சொல்லி, எதிர்த்து அழுத்திக்கொண்டே கட்டைவிரல் மேட்டைத் தொட்டுப் பாருங்கள், தசை இறுகுவது தெரிய வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டியும் சேர்ந்து வட்டமாக ‘ஓகே’ காட்டச் சொன்னால், முன்கையில் பிரியும் கிளை பாதித்திருந்தால் வட்டம் வராது, தட்டையாகக் கிள்ளும். அல்நருக்கு நடுவிரலை ஆள்காட்டிமேல் ஏற்றிப் பின்னச் சொல்லுங்கள். ஒரு காகிதத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டியின் பக்கவாட்டுக்கும் நடுவே பிடிக்கச் சொல்லி இழுங்கள், கட்டைவிரல் நுனி மடங்கினால் அது ஃப்ரோமென்ட் குறி, அல்நர் தசை செத்துப்போன வேலையை மீடியன் எடுத்துச் செய்கிறது. ரேடியலுக்கு மணிக்கட்டைத் தூக்கச் சொன்னால் போதும். மணிக்கட்டு தூக்குகிறது, அதுவும் கட்டைவிரல் பக்கம் சாய்ந்து தூக்குகிறது, ஆனால் விரல்களின் அடிக்கணு நீளவில்லை என்றால் முழங்கைக்குக் கீழே பின்கிளை மட்டும் அடிபட்டிருக்கிறது.

அல்நரில் ஒரு முரண் உண்டு. மணிக்கட்டில் வெட்டுப்பட்டால் கொக்கி வளைவு மோசமாகத் தெரியும், முழங்கையில் வெட்டுப்பட்டால் குறைவாகத் தெரியும், ஏனென்றால் அங்கே விரலை மடக்கும் எஃப்.டி.பி.யும் சேர்ந்து போய்விடுகிறது. கை பார்க்க நன்றாக இருக்கிறதே என்று முழங்கை மட்டத்துக் காயத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

மணிக்கட்டுச் சுரங்கத்தில் மீடியன் நரம்பு நசுங்கும் கார்ப்பல் டனலுக்கு வருவோம். ராத்திரி தூக்கத்தில் கை மரத்துப்போய் எழுந்து உதறுகிறேன் என்று சொன்னாலே முக்கால்வாசி முடிந்தது. மணிக்கட்டுக்கு நடுவே உங்கள் கட்டைவிரலால் 30 விநாடி அழுத்துவது டர்கன், மணிக்கட்டை முன்னால் தொங்கவிட்டு 60 விநாடி வைப்பது ஃபேலன், நரம்பின்மேல் தட்டுவது டினல். மூன்றில் டினலை நான் கடைசியில்தான் நம்புவேன். சுண்டுவிரல் தப்பியிருக்க வேண்டும், உள்ளங்கையின் கட்டைவிரல் மேட்டில் உணர்ச்சி சரியாக இருக்க வேண்டும், அந்தக் கிளை சுரங்கத்துக்குள் போவதில்லை. அங்கும் மரத்திருந்தால் பிரச்சினை மேலே இருக்கிறது. கழுத்தைத் திருப்பிப் பாருங்கள், முழங்கையைப் பாருங்கள். இரண்டு கையிலும் இருந்தால் சர்க்கரை, தைராய்டு இரண்டையும் எழுதுங்கள்.

நேரம் போகக் கூடாதவை

சில கைகள் வரிசையில் உட்கார வைக்கக் கூடாதவை. விரல் முழுக்க உருண்டு வீங்கி, அரைகுறையாக மடங்கி நின்று, உள்ளங்கைப் பக்க நாண் உறை நெடுக வலித்து, நீங்கள் லேசாக நீட்டினாலே துடித்தால், அது கனவெல் சொன்ன நான்கு குறிகள். உறைக்குள் சீழ், அன்றைக்கே அறுவை அரங்கு. நான்கும் சேர்ந்து வரும்வரை காத்திருக்க வேண்டாம், நீட்டும்போது வரும் வலி பெரும்பாலும் முதலில் வந்துவிடும்.

அடிக்கணுவின்மேல் சின்னக் கீறல், யாரையோ குத்தியபோது பல் பட்டது. அவர் பல் என்று சொல்ல மாட்டார், தகரம் கிழித்தது என்பார். கையை மூடச் சொல்லி அந்த நிலையில் காயத்தைப் பாருங்கள், நீட்டிய நிலையில் நாணின் கிழிசல் மேலே போய் ஒளிந்துகொள்ளும்.

கிரீஸ் கன், பெயின்ட் ஸ்ப்ரே அடிக்கும் வேலையில் இருப்பவர் விரல் நுனியில் ஒரு ஊசித்துளையோடு வந்து “லேசா எரியுது” என்றால், அது மேலே தெரிவதைவிட உள்ளே மிகப் பெரிய காயம். அழுத்தத்தில் ஏறிய பெயின்ட் நாண் உறை வழியே மேலே ஓடியிருக்கும். ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போட முடியாது. சென்னை ஸ்டான்லி, கோவை கங்கா மருத்துவமனைகள் மாதிரி கை அறுவைக்கென்றே பிரிவு இருக்கும் இடத்துக்கு உடனே பேசுங்கள்.

நசுங்கிய கையில் வலி அடிக்கு மிஞ்சியதாக இருந்து, விரலை நீங்கள் நீட்டும்போது இன்னும் ஏறி, உள்ளங்கைத் தசையும் கல்லாக இருந்தால், தசை உறைக்குள் அழுத்தம் ஏறும் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம். இரத்த ஓட்டம் இருக்கிறதே என்று ஆறுதல் அடையாதீர்கள், நாடி கடைசிவரை துடிக்கும்.

கடைசியாக வேலையும் எழுத்தும்

கோணங்களை அளந்து முடித்த பிறகு அந்தக் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். சட்டைப் பட்டன் போடச் சொல்லுங்கள், மேசையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுக்கச் சொல்லுங்கள், சாவி திருப்பச் சொல்லுங்கள், சோறு பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதுபோல் செய்து காட்டச் சொல்லுங்கள். பிடிமான பலத்துக்கு ஜேமர் கருவி இல்லையென்றால் பி.பி. கஃப்பைச் சுருட்டிக் கொஞ்சம் காற்றேற்றிப் பிழியச் சொல்லி எவ்வளவு ஏறுகிறது என்று இரண்டு கையிலும் குறியுங்கள். திருப்பூரில் ஓவர்லாக் தைப்பவருக்கும் மூட்டை தூக்குபவருக்கும் ஒரே 20 டிகிரி இழப்பு ஒரே இழப்பு அல்ல.

எழுதும்போது விரலுக்கு எண் போடாதீர்கள். மூன்றாம் விரல் என்றால் ஒருவருக்கு நடுவிரல், இன்னொருவர் கட்டைவிரலை விட்டு எண்ணி மோதிர விரல் என்பார், இந்தக் குழப்பத்தில் தவறான விரலுக்குக் கத்தி போகும். விரலின் பெயரும் இடது வலதும் முழுதாக வர வேண்டும். ஒரு மாதிரி: “வலது கை, பழக்கக் கை. ஆள்காட்டி விரல், அடி எலும்பின் உள்ளங்கைப் பக்கம் 2 செ.மீ. கத்தி வெட்டு, விரல் மடங்கிய நிலையில் பட்டது, 3 மணி நேரம் ஆகிறது. ஓய்வு நிலையில் விரல் நீட்டி நிற்கிறது. எஃப்.டி.பி. இல்லை, எஃப்.டி.எஸ். வலியோடு இருக்கிறது. கட்டைவிரல் பக்க நுனியில் உணர்ச்சி இல்லை, மறுபக்கம் சரி. நகத்தில் சிவப்பு 2 விநாடிக்குள் திரும்புகிறது. மரப்பு ஊசிக்கு முன் பார்த்தது.” இப்படி எழுதியதை ராத்திரி ஒரு மணிக்குப் போனில் படித்துக் காட்டினால் மறுமுனையில் இருக்கும் டாக்டருக்குத் திரும்பக் கேட்க எதுவும் இருக்காது, தியேட்டரைத் தயார் செய்யச் சொல்லிவிடுவார்.